நிற்கிற கால்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். ஒரு வாரம் கடைசி அறிவிப்பாக வந்தது பெண்களுக்கான தற்காப்பு வகுப்பு. சனி, ஞாயிறு மாலைகளில், சபைக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் டேக்வாண்டோ சொல்லிக்கொடுக்க, செங்கல்பட்டிலிருந்து மாஸ்டர் வருவார் என்றார்கள். அது என்ன என்று எனக்கு முன்னால் இருந்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். “கராத்தே மாரிதான். அதுல கை, இதுல காலு” என்றார் அவர். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனாலும் முதல் நாள் கூடம் நிறைந்துவிட்டது. புதுப்பட்டினத்தில் மாலை நேரத்தில் பெண்கள் மட்டுமாகப் போய் உட்கார வேறு இடம் ஏது?

மாஸ்டர் என்றதும் மீசை வைத்த ஆளாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தது, முதுகில் பை மாட்டிய ஒல்லியான ஒரு பெண். கல்லூரி முடித்து ஓரிரு வருடம்தான் ஆகியிருக்கும். ஏதோ ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை வேலை. எங்களைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, முதல் வரிசையில் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, இங்க வந்து நில்லுங்க. பயப்படாதீங்க. அசையாம இருந்தா போதும்.”

நான் போய் நின்றேன். அந்தக் கால் எப்போது தரையை விட்டது என்று எனக்குத் தெரியாது. காதோரம் ஒரு காற்று வந்தது. கண்ணைத் திருப்பிப் பார்த்தால், என் காதுக்கும் அந்தப் பாதத்துக்கும் நடுவே ஒரு விரல் இடம்தான் இருந்தது. என் ஜிமிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதை அவர் தொடவே இல்லை.

காலைக் கீழே இறக்காமலே, எங்கள் எல்லாரையும் பார்த்து, மூச்சுக்கூட மாறாத குரலில் அவர் பேச ஆரம்பித்தார். “இதுக்கு ரவுண்ட் கிக்னு பேரு. இது அடிக்கிறதுக்கு மட்டும் இல்லக்கா. எங்க நிறுத்தணும்னு தெரியறதுக்குந்தான்.” நான் சிலையாக நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னாலிருந்து “யம்மாடி” என்று ஒரு குரல் வந்தது. அது என் ஓரகத்தியின் குரல்.

என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். எனக்கு எட்டொன்பது வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வீட்டில் கீழே அவர்கள், மேலே நாங்கள். அவள் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்த்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து கூட்டிப்போகும். நான் ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அவள் வரும் நேரம் நான் இருக்க மாட்டேன், நான் இருக்கும் நேரம் அவள் தூங்கியிருப்பாள். சண்டை ஒன்றும் கிடையாது. “தண்ணி மோட்டாரு போட்டுட்டியா”, “கேஸு வந்துச்சாக்கா” என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதும் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அவளை அழுத்தமான ஆள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவள் என்னைப் பற்றி என்ன முடிவு கட்டியிருந்தாளோ தெரியாது.

வாரங்கள் போகப் போகக் கூடத்தில் ஆள் குறைந்தது. ஒருத்திக்குத் தொடை வலி, ஒருத்தி வீட்டில் பேச்சு, இன்னொருத்திக்குப் பிள்ளைகளின் பரீட்சை. கடைசியில் பெரியவர்களில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். மற்றதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள். முதலில் வராமல் நிற்கப்போவது அக்காதான் என்று நான் நினைத்திருந்தேன். அவள் நிற்கவில்லை. ஆள் இல்லாததால் எங்கள் இருவரையும் ஜோடியாகப் போட்டார் மாஸ்டர். அப்படித்தான், ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, முதல் தடவையாக நான் அவள் பாதத்தைக் கையில் பிடித்தேன். காய்ப்புக் காய்த்த, வெடித்த குதிகால். பெடலை மிதித்து மிதித்து வலது கெண்டைக்கால் கல்லு மாதிரி இருந்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே உடம்பு வளையும். முட்டி மடக்காமல் உள்ளங்கை இரண்டையும் தரையில் வைத்துவிடுவேன். காலை அகட்டி உட்காரச் சொன்ன நாளில் நான் ஏறக்குறையத் தரையோடு போய்விட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பக்கத்தில் அக்கா உட்காரவே முடியாமல் முதுகு கூனி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றிக்கொண்டு, வியர்த்து வழிந்தாள். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்த உடம்பு அது. இடுப்பின் முன்பக்கம் இறுகிப்போயிருந்தது.

“உனக்கு எலும்புன்னு ஒண்ணு கீதா, இல்லியாடி?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் என்னிடம் செய்த முதல் கிண்டல் அது.

ஆனால் என் பெருமை சீக்கிரம் முடிந்தது. ஒருநாள் மாஸ்டர் எங்களைச் சுவர் பிடித்து நிற்க வைத்து, காலை மெதுவாகப் பக்கவாட்டில் தூக்கி, அங்கேயே நிறுத்தச் சொன்னார். உதைக்கக் கூடாது, வீசக் கூடாது. நான் தோள் உயரத்துக்குத் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் அது கொடி அறுந்த ஈரத்துணி மாதிரி கீழே வந்தது. மறுபடி தூக்கினேன். தொடை நடுங்கி மறுபடி விழுந்தது. அக்காவின் கால் இடுப்புக்குக் கீழேதான் போயிற்று. ஆனால் போன இடத்தில் அது நின்றது. அடித்து வைத்த பலகை மாதிரி நின்றது.

மாஸ்டர் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உங்க காலு வளையுது, ஆனா நிக்கல. அவங்க காலு நிக்குது, ஆனா வளையல. ரெண்டு பேரையும் கலந்தா ஒரு நல்ல ஆளு கெடைக்கும்.”

அதிலிருந்து காலையில், அவளுக்குக் கம்பெனி இல்லாத நாட்களில், நாங்கள் மொட்டை மாடியில் பாய் விரித்தோம். மாஸ்டர் ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார். அக்கா மல்லாந்து படுத்து ஒரு காலை நேராகத் தூக்கி என் தோளில் வைப்பாள். வலி தொடங்கும் இடம் வரைக்கும் நான் முன்னால் சாய்வேன். பிறகு அவள் அந்தக் காலால் என் தோளைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். நான் விட்டுக்கொடுக்கக் கூடாது. கொஞ்ச நேரம் அழுத்திவிட்டு, மூச்சை முழுக்க விட்டு, காலைத் தளர்த்த வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் அப்படிச் செய்தபோது நடந்ததை எங்கள் இருவராலும் நம்ப முடியவில்லை. அவள் அழுத்தினாள், என்னைப் பின்னால் தள்ளிவிடும் போல அழுத்தினாள். பிறகு ஊஃப் என்று மூச்சு விட்டாள். அதுவரை சுவர் மாதிரி எதிர்த்து நின்ற கால், என் தோளோடு சேர்ந்து சாதுவாக முன்னால் போயிற்று. ஒரு சாண் போயிருக்கும்.

“ஏய், தள்ளாதடி!”

“நான் தள்ளலக்கா. சும்மா சாஞ்சுகினு கீறேன்.”

“பொய் சொல்லாத.”

நான் தோளை எடுத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். கால் அங்கேயே நின்றது. அவள் தலையைத் தூக்கித் தன் பாதத்தைப் பார்த்தாள். வேறு யாருடைய பாதமோ வானத்தில் நிற்பதைப் போலப் பார்த்தாள்.

அடுத்த வகுப்பில் மாஸ்டரிடம் இதைக் கேட்டோம். சதை நீளம் குறைவு என்பதல்ல விஷயம் என்றார் அவர். “அந்த எடத்துக்குப் போனா அறுந்துடும்னு ஒடம்பு பயந்துகினு புடிச்சு வெச்சிருக்கும். அந்த எடத்துலயே நீங்க பலமா அழுத்திக் காட்டுறீங்க இல்ல? ஓ, இங்கயும் நமக்கு பலம் கீதுன்னு அது நம்பிடும். நம்பினா விட்டுடும்.” நான் தினமும் ரத்தத்தைச் சோதிப்பவள். உடம்புக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவள். உடம்பு பயப்படும், பிறகு நம்பும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

மார்கழியில் ஒரு காலை. குளிர். நான் டீ போட்டு எடுத்துக்கொண்டு மேலே வருவதற்குள் அக்கா அவசரப்பட்டுவிட்டாள். உடம்பைச் சூடாக்காமல், துணி காயும் கயிற்றைக் குறிவைத்து ஓங்கி ஓர் உதை விட்டிருக்கிறாள். நான் வந்தபோது தொடையின் பின்பக்கத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. “டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சுடி” என்றாள்.

தசை கொஞ்சம் கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். வாரக்கணக்கில் உதைக்கக் கூடாது. ஆனால் படுத்தும் கிடக்கக் கூடாது. மெல்ல நடக்க வேண்டும், வலிக்காத அளவுக்குப் பலப்படுத்த வேண்டும். கம்பெனியில் ஸ்டூலின் ஓரத்தில் ஒற்றைப் பக்கமாக உட்கார்ந்து தைத்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் கணவர், “எதுக்கு இந்த பேஜாரு? போதும், வுட்டுடு” என்றார். அவள் இத்தோடு விட்டுவிடுவாள் என்று நானும் நினைத்தேன். எனக்கு அது அவ்வளவு வருத்தமாக இருக்கும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தச் சமயத்தில் வேலூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாமல்லபுரம் பார்க்க வேண்டும் என்றார்கள். நாங்கள் அங்கே போவதெல்லாம் இப்படி யாராவது வந்தால்தான். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்க, பெரியவர்கள் நிழல் தேட, நொண்டிக்கொண்டே வந்த அக்காவும் நானும் வராக மண்டபத்துக்குள் ஒதுங்கினோம். உள்ளே பக்கச்சுவரில் பெரிய சிற்பம் ஒன்று. ஒரு காலைத் தரையில் ஊன்றி மறு காலை உயரத் தூக்கி நிற்கிற உருவம்.

“இது யாருடி?”

“உலகளந்த பெருமாள்க்கா. உலகத்தையெல்லாம் காலாலயே அளக்குறாராம்.”

எத்தனையோ தடவை நான் அதைக் கடந்து போயிருக்கிறேன். அன்றுதான் நின்று பார்த்தேன். அந்தக் கால் எவ்வளவு அமைதியாக மேலே போயிருந்தது! முகத்தில் முயற்சியே இல்லை. பக்கவாட்டில் காலைத் தூக்கித் தொடை நடுங்கி நின்றவளுக்குத்தான் அது தெரியும். இதைச் செதுக்கியவன் யாரோ ஒருவன், இப்படி நின்ற ஒரு மனிதனை உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மயிர்க்கூச்செறிந்தது எனக்கு.

அக்கா மேலே பார்க்கவில்லை. குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் தூக்குன காலத்தான் பாக்குறாங்க. நிக்குற காலப் பாருடி. இன்னா தெம்பா நிக்குது பாரு.”

அந்த வாரத்திலிருந்து, உதைக்க முடியாத அவள், நிற்கப் பழகினாள். பாத்திரம் கழுவும்போது ஒற்றைக்காலில் நின்றாள். சாம்பார் கிண்டும்போது ஒரு முட்டியை மார்பு வரை மடக்கித் தூக்கி அப்படியே வைத்திருந்தாள். அவள் கணவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இன்னாது, கொக்காட்டம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். வகுப்புக்கும் வந்தாள். நாங்கள் உதைக்க, அவள் ஓரமாக நின்று முட்டியை மட்டும் தூக்கி இறக்கினாள். மாஸ்டர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். தொடை ஆறியதும் அவர் சொன்னார்: “இப்ப ஒண்ணு சொல்றேன், கேளுங்க. நிக்குற காலோட குதிகாலத் திருப்புங்க. நீங்க எங்க ஒதைக்கணுமோ, அந்தப் பக்கம் பாக்கணும் குதிகாலு.”

அதை முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் காதில் விழவில்லை, அவ்வளவுதான். பாதம் முன்னால் பார்த்தபடியே நின்றால் இடுப்பு பூட்டிக்கொள்ளும். எலும்பில் எலும்பு போய் முட்டும். எத்தனை வருடம் ஸ்ட்ரெட்ச் செய்தாலும் கால் அதற்குமேல் போகாது. பாதம் திரும்பினால் இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பினால் கால் போக வழி உண்டாகும்.

கூடத்தின் டைல்ஸ் தரையில் திரும்பினோமா இல்லையா என்று எங்களுக்கே தெரியவில்லை. அதனால் ஒரு சனிக்கிழமை விடியலில் கடற்கரைக்குப் போனோம். அலை வந்து திரும்பிய ஈர மணலில் நின்று அக்கா முட்டியைத் தூக்கினாள், திரும்பினாள், காலை நீட்டினாள், மடக்கினாள், இறக்கினாள். பிறகு இருவரும் குனிந்து அவள் நின்ற இடத்தைப் பார்த்தோம். வெறும் பாதத் தடம். திரும்பவில்லை. மறுபடி. வெறும் தடம். அலை வந்து அழித்துவிட்டுப் போயிற்று. மறுபடி.

படகுகளின் பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: “அண்ணி, யார ஒதைக்கப் போறீங்க?”

“உன்னத்தான். அங்கியே நில்லு, வரேன்” என்றாள் அக்கா. அவர்கள் சிரித்தார்கள். வீட்டிலேயே அதிகம் பேசாத என் ஓரகத்தி ஊரார் முன்னால் இப்படிப் பதில் சொல்வாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

சூரியன் நன்றாக மேலே வந்த பிறகு ஒரு உதையில் ஏதோ மாறியது. எனக்கு அது முதலில் சத்தமாகத்தான் கேட்டது. மணலில் சர்ரென்று ஒரு தேய்ப்பு. நிமிர்ந்தேன். அவள் கால் என் நெற்றிக்கு நேராகப் போய்விட்டு வந்துகொண்டிருந்தது. இடுப்பைத் தாண்டாத கால். கீழே பார்த்தேன். அவள் நின்ற இடத்தில் மணல் அரைவட்டமாகச் சுழிந்து, பிறை மாதிரி ஒரு குழி விழுந்திருந்தது.

“போச்சா?” என்று கேட்டாள்.

“போச்சுக்கா.”

“எவ்ளோ?”

நான் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவள் நம்பவில்லை. இன்னொரு தடவை உதைத்தாள். அதுவும் போயிற்று. அப்புறம் அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, வாய் லேசாகத் திறந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேக்வாண்டோவில் அடுத்த படிக்குப் போவதற்கான பெல்ட் தேர்வு செங்கல்பட்டில் ஒரு பள்ளியின் உள்ளரங்கில் நடந்தது. ஷேர் ஆட்டோவில் எங்களைப் பஸ் நிறுத்தத்தில் விட வந்த அக்காவின் கணவர், என்ன நினைத்தாரோ, வண்டியை ஓரம் கட்டிப் பூட்டிவிட்டு எங்களோடு பஸ் ஏறினார். “சும்மா வரேன்” என்றார். அரங்கம் முழுக்கப் பிள்ளைகள். வெள்ளை உடையில் எங்களைப் பார்த்த ஒரு சிறுமி, நாங்கள் தேர்வு நடத்த வந்தவர்கள் என்று நினைத்து வணக்கம் வைத்தாள்.

தேர்வாளர் நரைத்த தலை, கண்டிப்பான முகம். என்னை முதலில் கூப்பிட்டார். என் கால் உயரமாகப் போயிற்று, கொஞ்சம் ஆடியது. தலையை அசைத்து எழுதிக்கொண்டார். அடுத்து அக்கா. அவளுடைய வேகமான உதைகளைப் பார்த்துவிட்டு, “ரவுண்ட் கிக், மெதுவா பண்ணிக் காட்டுங்க. நான் சொல்ற வரைக்கும் கால இறக்கக் கூடாது” என்றார்.

வேகத்தில் தப்பை மறைக்கலாம். மெதுவாகச் செய்யும்போது மறைக்க முடியாது.

அக்கா முட்டியைத் தூக்கினாள். குதிகால் தரையை விட்டு லேசாக எழும்பித் திரும்பியது. இடுப்பு திரும்பியது. மடங்கியிருந்த கால், அவசரமே இல்லாமல், விரிந்துகொண்டே போயிற்று. தேர்வாளரின் முக உயரத்துக்குப் போய் அங்கே நின்றது. நுனி விரல் வரைக்கும் ஒரே கோடு. நிற்கிற கால் அசையவில்லை. அவள் முகத்தில் எந்தச் சிரமமும் இல்லை. ஊசியில் நூல் கோக்கிறவளின் கவனம் மட்டும் இருந்தது. அரங்கத்தில் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. தேர்வாளரின் பேனா எழுதாமல் நின்றது. இறக்கச் சொல்ல மறந்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் மாஸ்டர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

ஒரே வீட்டில் நான் கடந்து கடந்து போன பெண் இவள். மாவு வாளியோடும், கம்பெனிப் பையோடும், தூக்கக் கண்ணோடும் பார்த்த பெண். இது அவளுக்குள் எங்கே இருந்தது? வந்ததா, இருந்ததா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

“ம்... இறக்கலாம்மா” என்றார் தேர்வாளர் கடைசியில். அவள் முதலில் முட்டியை மடக்கினாள், பிறகுதான் பாதத்தை இறக்கினாள்.

“வயசு என்னம்மா?”

“நாப்பத்தி மூணு சார்.”

“முன்னாடி டான்ஸ் ஏதாவது கத்துக்கிட்டீங்களா?”

“இல்ல சார். தையல் மிஷினு” என்றாள்.

வாசலில் நின்ற அவள் கணவர் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரிடம், “எங்க வூட்டுது” என்று சொன்னது எனக்குக் கேட்டது. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

இருவரும் தேறினோம். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவர் எங்களுக்கு நாஸ்தா வாங்கிக் கொடுத்தார். அக்கா பூரியை அடுத்தடுத்து வாங்கிச் சாப்பிட்டாள். ஊருக்குத் திரும்பும் கல்பாக்கம் பஸ்ஸில் அவருக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது, எங்களுக்குப் பின்பக்கம். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். பிறகு தன் வலது தொடையில் கையை வைத்து, என்னிடம் இல்லை, அதனிடமே சொல்வது போலச் சொன்னாள்:

“இத்தினி வருசமா என்கூடவேதான் கீற. ஒரு வார்த்த சொல்லலியே நீ.”

நான் சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அது சிரிக்கிற முகமாக இல்லை. அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். அவள் நகரவில்லை. வயலுக்கு மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும்வரை நாங்கள் அப்படியே இருந்தோம்.